என்தால்பி கணக்கில் விடை இடிக்கிறதா? எவ்வளவு இடிக்கிறது என்று பாருங்கள்

பல வருடங்களாக மாணவர்களின் என்தால்பி (மாறா அழுத்தத்தில் வினை வெளிவிடும் அல்லது உள்வாங்கும் வெப்பம்) கணக்குகளையும் ஆய்வக ரெக்கார்டு நோட்டுகளையும் திருத்தி வருகிறேன். விடை தவறாக வந்ததும் பெரும்பாலானவர்கள் முழுக் கணக்கையும் அடித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி போடுவார்கள். அதே தவறு மறுபடியும் உள்ளே நுழையும். அரை மணி நேரம் போனதுதான் மிச்சம்.

இந்தக் கணக்குகளில் நேரும் தவறுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றும் விடையில் தனக்கென்று ஒரு தடத்தை விட்டுப்போகும். ஆகவே உங்கள் விடையையும் சரியான விடையையும் அருகருகே எழுதுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள், பிறகு வகுத்தும் பாருங்கள். கிடைக்கும் அந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு கீழே பொருந்துகிற தலைப்புக்குப் போங்கள்.

வேறாகச் சொல்லாத இடங்களில் எல்லா மதிப்பும் 25 டிகிரி செல்சியஸில், மோலுக்குக் கிலோஜூலில்.

## எண் சரி, குறி மட்டும் தலைகீழ்

முதலில் பார்க்க வேண்டியது: பாத்திரம் சூடானதா, குளிர்ந்ததா? சூடானால் வினை வெப்பத்தை வெளியே தள்ளியிருக்கிறது, என்தால்பி மாற்றம் எதிர்க்குறி. குளிர்ந்தால் நேர்க்குறி. கலோரிமீட்டர் (வெப்பம் அளக்கும் பாத்திரம்) கணக்கில் நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை உயர்வு என்று பெருக்கி வருவது தண்ணீர் வாங்கிக்கொண்ட வெப்பம். அதை அப்படியே வினையின் விடையாக எழுதிவிடுகிறார்கள். கடைசி வரியில் குறியை மாற்ற வேண்டும்.

அடுத்தது: எந்த அட்டவணையை எடுத்தீர்கள்? உருவாதல் என்தால்பி (ஒரு மோல் சேர்மம் அதன் தனிமங்களிலிருந்து உருவாகும்போது வரும் மாற்றம்) என்றால் விளைபொருள்களின் கூட்டுத்தொகையிலிருந்து வினைபடுபொருள்களின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். எரிதல் என்தால்பிக்கும் (ஒரு மோல் பொருள் முழுமையாக எரியும்போது வரும் மாற்றம்) பிணைப்பு ஆற்றலுக்கும் (ஒரு பிணைப்பை முறிக்கத் தேவையான ஆற்றல்) இது அப்படியே திரும்பும்: வினைபடுபொருள் முதலில், விளைபொருள் பிறகு. ‘விளைபொருளிலிருந்து வினைபடுபொருளைக் கழி’ என்று மனப்பாடம் செய்தவர்கள் எல்லாருமே இங்கே ஒருமுறையாவது விழுவார்கள்.

எத்திலீனுடன் ஹைட்ரஜன் சேர்ந்து ஈத்தேன் ஆகும் வினையை எடுத்துக்கொள்வோம். எரிதல் என்தால்பிகள்: எத்திலீன் −1411, ஹைட்ரஜன் −286, ஈத்தேன் −1560. சரியான வரிசை: (−1411 − 286) − (−1560) = −137. மாற்றிப் போட்டால் +137. ஐயம் வந்தால் உருவாதல் மதிப்புகளில் ஒருமுறை சரிபாருங்கள்: ஈத்தேன் −84.7, எத்திலீன் +52.3, ஹைட்ரஜன் பூச்சியம். −84.7 − 52.3 = −137.0. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நின்றால் குறியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

## வித்தியாசம், கொடுத்த ஒரு மதிப்பின் சரியாக இரு மடங்கு

ஹெஸ் விதிக் கணக்கில் (தெரிந்த சமன்பாடுகளைக் கூட்டித் தெரியாத வினையின் என்தால்பியைக் காண்பது) ஒரு சமன்பாட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, அதன் குறியைத் திருப்ப மறந்திருக்கிறீர்கள். இந்தத் தடம் அநேகமாகப் பொய்க்காது.

கார்பன் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகும் வினை. கொடுத்திருப்பவை: கார்பன் எரிந்து கார்பன் டைஆக்சைடு ஆவது −393.5, கார்பன் மோனாக்சைடு எரிந்து கார்பன் டைஆக்சைடு ஆவது −283.0. இரண்டாவதைத் திருப்பிக் கூட்ட வேண்டும்: −393.5 + 283.0 = −110.5. குறியைத் திருப்பாதவருக்கு −676.5 வரும். வித்தியாசம் 566, அதாவது 283-இன் இரு மடங்கு. ஆறு சமன்பாடு கொண்ட நீண்ட கணக்கிலும் இதே உத்திதான். வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள், அந்த எண் எந்தச் சமன்பாட்டுக்கு உரியதோ அங்கே போய்த் திருத்துங்கள்.

வித்தியாசம் ஒரு மதிப்பின் ஒரு மடங்காக மட்டும் இருந்தால், குணகத்தால் பெருக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது அந்த வரியையே கூட்டவில்லை.

## 44, 88, 132 என்று இடிக்கிறது

விடையைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம்: தண்ணீரின் நிலைமை மாறிவிட்டது. திரவ நீரின் உருவாதல் என்தால்பி −285.8, நீராவியுடையது −241.8. இடைவெளி 44.0. அட்டவணையில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும், கண் ஒரு வரி நழுவினால் போதும்.

மீத்தேன் எரிதலில் பாருங்கள். கார்பன் டைஆக்சைடு −393.5, மீத்தேன் −74.8. திரவ நீரைப் போட்டால்:

−393.5 + 2 × (−285.8) + 74.8 = −890.3

நீராவியைப் போட்டால்:

−393.5 + 2 × (−241.8) + 74.8 = −802.3

வித்தியாசம் 88.0, காரணம் இரண்டு மோல் தண்ணீர். இரண்டு விடையுமே தம்மளவில் சரியானவை. கேள்வி எதைக் கேட்டது என்பதுதான் விஷயம். திட்ட எரிதல் என்தால்பி என்று கேட்டால் திரவ நீர். சமன்பாட்டில் நிலைமைக் குறியீடு எழுதாமல் கணக்கைத் தொடங்காதீர்கள். நான் திருத்துவதில் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு இதுதான், மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியதும் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. நடுநிலையாக்கல் (அமிலத்தையும் காரத்தையும் கலக்கும்) சோதனையில் 44-க்குச் சற்று மேல் கூடுதலாக வந்தால் காரணம் வேறு. திட சோடியம் ஹைட்ராக்சைடு நீரில் கரையும்போதே சுமார் 44.5 வெளியிடும். கரைசலுக்குப் பதிலாக வில்லையை நேராக அமிலத்தில் போட்டவருக்கு வழக்கமான −57.3-க்குப் பதில் −101.8 வரவேண்டும். எண்கள் நெருங்கியிருப்பது தற்செயல்.

## சரியாகப் பாதி, அல்லது இரு மடங்கு

‘ஒரு மோலுக்கு’ என்றால் எதன் ஒரு மோல்? ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு தரும் சமன்பாட்டுக்கு −184. ஹைட்ரஜன் குளோரைடின் உருவாதல் என்தால்பி −92. கந்தக அமிலத்தை நடுநிலையாக்கினால் ஒரு மோல் அமிலத்துக்குச் சுமார் −114, உருவாகும் ஒரு மோல் நீருக்குச் சுமார் −57. கேள்வியில் அந்த ஒரு சொல்லை அடிக்கோடிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அது சரியாக இருந்தும் பாதிதான் வருகிறது என்றால், 50 மில்லி அமிலத்தையும் 50 மில்லி காரத்தையும் கலந்துவிட்டு நிறையை 50 கிராம் என்று போட்டிருப்பீர்கள். சூடானது மொத்தக் கரைசல், 100 கிராம்.

மடங்கு முழு எண்ணாக இல்லாமல் 1.3, 0.8 என்று வந்தால், மோல் எண்ணிக்கையை அதிகமாக இருக்கும் பொருளிலிருந்து எடுத்திருக்கலாம். எது முதலில் தீர்கிறதோ, அந்த வினைக்கட்டுப்பாட்டுக் காரணியின் மோலால்தான் வகுக்க வேண்டும்.

## எண் நம்பவே முடியாத அளவு

- 1000 மடங்கு: ஜூலும் கிலோஜூலும் கலந்துவிட்டன.
- 4.18 மடங்கு: பழைய அட்டவணை, கிலோகலோரியில் இருக்கிறது. ஒரு கலோரி 4.184 ஜூல்.
- சாதாரண நடுநிலையாக்கலில் −2300 போன்ற விடை: வெப்பநிலை உயர்வோடு 273-ஐக் கூட்டியிருக்கிறீர்கள். 6.8 டிகிரி உயர்வு என்பது கெல்வினிலும் 6.8 தான். இரண்டு வெப்பநிலைகளின் வித்தியாசத்துக்கு 273 வேண்டியதே இல்லை.

## பிணைப்பு ஆற்றல் வழியில் மட்டும் ஒத்துப்போகவில்லை

இருபது கிலோஜூலுக்குள் இடித்தால் விட்டுவிடுங்கள். பிணைப்பு ஆற்றல்கள் பல சேர்மங்களில் எடுத்த சராசரி. மேலே −137 என்று பார்த்த எத்திலீன் வினையையே இந்த வழியில் போடுவோம். முறிபவை: கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு 614, ஹைட்ரஜன்–ஹைட்ரஜன் 436, கூட்டினால் 1050. உருவாகுபவை: கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பு 347, இரண்டு கார்பன்–ஹைட்ரஜன் 826, கூட்டினால் 1173. விடை −123. கணக்கில் தவறு எதுவும் இல்லை, 14 இடிப்பது இந்த முறையின் இயல்பு. இதைச் ‘சரிசெய்ய’ ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த மாணவி ஒருவரை எனக்குத் தெரியும். அவர் முதல் தடவை போட்டதே சரி.

நூறுக்கு மேல் இடித்து, கார்பன் டைஆக்சைடு இருந்தால்: கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக்கு அட்டவணையில் இரண்டு மதிப்புகள் இருக்கும். கீட்டோன் போன்றவற்றுக்குச் சுமார் 745, கார்பன் டைஆக்சைடுக்கு 799. மீத்தேன் எரிதலில் முறிபவை 4 × 413 + 2 × 498 = 2648. உருவாகுபவை 2 × 799 + 4 × 463 = 3450. விடை −802. 745 போட்டால் −694 வரும்.

−802 என்பது மேலே நீராவிக்கு வந்த விடையேதான், கவனித்தீர்களா? பிணைப்பு ஆற்றல் கணக்கில் எல்லாமே வாயு நிலையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். திரவ நீருக்கான −890-உடன் ஒப்பிட்டுவிட்டு ‘88 இடிக்கிறது’ என்று வருபவர்கள் உண்டு. தவறு ஒப்பிட்டதில்தான்.

700-ஐ ஒட்டி இடித்தால்: கார்பன் கிராஃபைட்டாக வினைக்குள் வந்திருக்கும். அதைத் தனி அணுக்களாக்க மோலுக்குச் சுமார் 717 வேண்டும், அதைச் சேர்க்க மறந்திருப்பீர்கள்.

இவை எதிலும் சேராவிட்டால் கட்டமைப்பை வரைந்து, ஒவ்வொரு கோட்டையும் பென்சிலால் டிக் அடித்து எண்ணுங்கள். மூலக்கூறு வாய்ப்பாட்டை மட்டும் பார்த்து எண்ணினால் கார்பன்–கார்பன் பிணைப்பு விடுபட்டுவிடும்.

## பனிக்கட்டியிலிருந்து நீராவி வரை: கூட்டுத்தொகை குறைகிறது

18 கிராம், அதாவது ஒரு மோல் பனிக்கட்டி −10 டிகிரியில் இருக்கிறது. 110 டிகிரி நீராவியாக மாற எவ்வளவு வேண்டும்? ஐந்து படிகள்:

1. பனிக்கட்டி −10 முதல் 0 வரை: 18 × 2.1 × 10 = 0.38 கிலோஜூல்
2. உருகுதல்: 6.01
3. நீர் 0 முதல் 100 வரை: 18 × 4.18 × 100 = 7.52
4. ஆவியாதல்: 40.7
5. நீராவி 100 முதல் 110 வரை: 18 × 2.0 × 10 = 0.36

மொத்தம் சுமார் 55.0.

49 வந்தால் உருகுதல் விடுபட்டது. 14 வந்தால் ஆவியாதல் விடுபட்டது. 55.7 வந்தால் பனிக்கட்டிக்கும் நீராவிக்கும் நீரின் 4.18-ஐயே போட்டுவிட்டீர்கள். 58 வந்தால் ஆவியாதலுக்கு 25 டிகிரிக்கான 44.0-ஐ எடுத்திருக்கிறீர்கள். விடை 6000-ஐத் தாண்டினால் ஒரு கிராமுக்கு 334 ஜூல் என்பதைக் கிராமால் பெருக்கி, கிலோஜூலாக மாற்றாமல் கூட்டியிருப்பீர்கள்.

## ஆய்வகத்தில் அளந்தால் புத்தக மதிப்பைவிடக் குறைவு

பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது. காசு செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம்.

தொடக்க வெப்பநிலை. அமிலமும் காரமும் ஒரே வெப்பநிலையில் இருந்தனவா? ஒன்று 27.0, மற்றது 27.6 என்றால், சம அளவு கலக்கும்போது தொடக்கம் 27.3. ஒன்றை மட்டும் அளந்தவருக்கு 0.3 டிகிரி பிழை. 6.8 டிகிரி உயர்வில் அது 4 சதவீதத்துக்கு மேல்.

உச்சத்தைத் தவறவிட்டது. துத்தநாகத் தூளைக் காப்பர் சல்ஃபேட் கரைசலில் போடும் சோதனையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 0.2 மோலார் கரைசல் 50 மில்லி, தெர்மோகோல் கப்பில். அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வந்து, மூன்றாவது நிமிடத்தில் தூளைக் கொட்டிக் கிளறுங்கள். நீல நிறம் வெளிறும், கீழே செம்பழுப்பாகச் செம்பு படியும். வெப்பநிலை உடனே ஏறி முடிவதில்லை. இரண்டு மூன்று நிமிடம் ஏறி, பிறகு மெதுவாக இறங்கும். அந்த ஏறும் நேரத்திலேயே கொஞ்சம் வெப்பம் வெளியே போய்விடுகிறது. ஆகவே வரைபடத்தில் இறங்கும் கோட்டை ஸ்கேல் வைத்துப் பின்னோக்கி மூன்றாவது நிமிடம் வரை நீட்டுங்கள். வெப்பமானியில் பார்த்த உச்சம் 9.2 டிகிரி உயர்வு, நீட்டிய கோட்டில் 10.1 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் −192, இரண்டாவதில் −211. அட்டவணை மதிப்பு சுமார் −219. ஒரு பென்சில் கோடு எவ்வளவு வித்தியாசம் செய்கிறது பாருங்கள்.

நிறையைப் போடும்போது கரைசலின் 50 கிராமைப் போடுங்கள். துத்தநாகத்தின் நிறையைப் போட்டு வரும் நோட்டுகளும் என்னிடம் வந்திருக்கின்றன.

கப்பும் மூடியும் வாங்கிக்கொள்ளும் வெப்பம். ஒரு கப்பை இன்னொன்றுக்குள் வைத்து, அட்டை மூடியில் வெப்பமானி நுழையும் அளவுக்கு மட்டும் துளையிடுங்கள். பிறகு கப்பை அளவு திருத்தம் செய்யுங்கள்: 25.0 டிகிரியில் 50 கிராம் தண்ணீர் கப்பில் இருக்கட்டும், 45.0 டிகிரியில் 50 கிராம் ஊற்றுங்கள். கப் எதுவும் உறிஞ்சாவிட்டால் 35.0 வரவேண்டும். 34.6 வந்தால், சுடுநீர் இழந்தது 50 × 4.18 × 10.4 = 2174 ஜூல், குளிர்நீர் பெற்றது 50 × 4.18 × 9.6 = 2006 ஜூல். மிச்சமான 168 ஜூலும் கப்புக்குப் போயிற்று. கப்பும் 9.6 டிகிரி சூடானதால், ஒரு டிகிரிக்குச் சுமார் 17.5 ஜூல்.

1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, அதே செறிவில் காரம் 50 மில்லி கலந்து 6.5 டிகிரி உயர்ந்தால், கப்பைச் சேர்க்காமல் −54.3. சேர்த்தால் −56.6. புத்தகத்தின் −57.3-ஐ நன்றாக நெருங்கிவிட்டோம்.

வேதிப்பொருள். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். பாட்டிலில் 1 மோலார் என்று எழுதியிருப்பதை நம்பாமல் தரம்பார்த்து உறுதி செய்யுங்கள். அமிலம் எது என்பதையும் பாருங்கள். அசிட்டிக் அமிலத்துக்கு −55-ஐ ஒட்டித்தான் வரும், அது உங்கள் பிழை இல்லை.

சாராய விளக்கில் எத்தனாலை எரிக்கும் சோதனை தனி ரகம். 200 கிராம் தண்ணீர் 30 டிகிரி உயர்ந்து, 1.38 கிராம் எத்தனால் செலவானால் விடை −836. புத்தகத்தில் −1367. சுடரின் வெப்பத்தில் பெரும்பகுதி பாத்திரத்தைத் தொடாமலே காற்றோடு போகிறது. பாத்திரத்தின் அடியில் கரி படிந்திருந்தால் எரிதலும் முழுமையாக நடக்கவில்லை. சுற்றிலும் தகரத் தடுப்பு வையுங்கள், சுடருக்கும் பாத்திரத்துக்கும் இடைவெளியைக் குறையுங்கள், கண்ணாடி பீக்கருக்குப் பதில் மெல்லிய செம்புப் பாத்திரம் எடுங்கள், அணைத்ததும் திரியை மூடி உடனே எடை போடுங்கள். இவ்வளவு செய்தும் புத்தக மதிப்பு வராது. வந்ததை அப்படியே எழுதி, எங்கே இழந்தோம் என்று கீழே குறிப்பிடுங்கள். −1300 என்று திருத்தி எழுதிய நோட்டைவிட −836 என்று நேர்மையாக எழுதிய நோட்டுக்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

## பாம் கலோரிமீட்டர் மதிப்பில் 2.5-இன் மடங்குகளில் இடிக்கிறது

மூடிய பாத்திரத்தில், மாறாக் கனஅளவில் அளந்தது அக ஆற்றல் மாற்றம். என்தால்பியாக்க, வாயு மோல்களின் மாற்றத்தை வாயு மாறிலி 8.314-ஆலும் கெல்வின் வெப்பநிலை 298-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஒரு மோலுக்கு 2.48 கிலோஜூல். திரவ எத்தனால் எரியும்போது 3 மோல் ஆக்சிஜன் போய் 2 மோல் கார்பன் டைஆக்சைடு வருகிறது, மாற்றம் −1. −1364.3 − 2.5 = −1366.8.

திரவத்தையும் திடத்தையும் எண்ணாதீர்கள். −3842 போன்ற விடை வந்தால் 2478 ஜூலைக் கிலோஜூலாக்காமலே கூட்டியிருக்கிறீர்கள்.

## 25 டிகிரியைத் தாண்டிய கணக்கில் சில கிலோஜூல் இடிக்கிறது

கிர்ச்சாஃப் சமன்பாடு வேண்டும்: விளைபொருளின் வெப்ப ஏற்புத்திறனிலிருந்து வினைபடுபொருளுடையதைக் கழித்து, வெப்பநிலை மாற்றத்தால் பெருக்கி, பழைய என்தால்பியோடு கூட்டுவது. நீரின் ஆவியாதலை 25-இலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோவோம். மோலார் வெப்ப ஏற்புத்திறன் நீராவிக்கு 33.6, நீருக்கு 75.3. வித்தியாசம் −41.7 ஜூல். அதை 75-ஆல் பெருக்கினால் −3.1 கிலோஜூல். 44.0 − 3.1 = 40.9. அளந்த மதிப்பு 40.7, போதுமான நெருக்கம். இங்கே வழக்கமான தவறு, வித்தியாசத்தில் நீராவியையும் நீரையும் இடம் மாற்றிப் போடுவது. அப்போது 47.1 வரும்.

## எப்போது இன்னொருவரைக் கூப்பிட வேண்டும்

உருவாதல் வழியிலும் எரிதல் வழியிலும் ஒரே விடை வருகிறது, புத்தகத்தின் பின்பக்க விடை மட்டும் வேறு என்றால், இரண்டு கணக்கையும் எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள். அச்சுப்பிழைக்கு வாய்ப்பு அதிகம். வித்தியாசம் ஒன்றுக்குள் இருந்தால் போகவே வேண்டாம். மீத்தேனுக்கு ஓர் அட்டவணை −74.8 என்றும் இன்னொன்று −74.6 என்றும் தரும்.

ஒரே சோதனையை மூன்று முறை செய்தும் விடைகள் ஒன்றுக்கொன்று 5 சதவீதத்துக்கு மேல் விலகினால், வெப்பமானியையும் தராசையும் ஆய்வக உதவியாளரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அடர் கந்தக அமிலத்தை நீர்த்தல், ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைத் தொடுதல் இரண்டும் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இல்லாமல் கூடாது.

பாம் கலோரிமீட்டரில் ஆக்சிஜன் சுமார் 30 வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும். பென்சாயிக் அமில வில்லை எரித்தால் கிராமுக்கு 26.4 கிலோஜூல் என்ற கணக்கில் கருவியின் மாறிலி கிடைக்கும். அது முந்தைய மதிப்பிலிருந்து நகர்ந்திருந்தாலோ, மூடியில் கசிவுச் சத்தம் கேட்டாலோ, நீங்களே திறந்து பார்க்காதீர்கள். கருவிக்குப் பொறுப்பான தொழில்நுட்பரை அழையுங்கள்.

பீக்கரில் செய்த வெப்ப உமிழ் வினையைப் பெரிய கலனில் செய்யப் போகிறீர்கள் என்றால், காகிதத்தில் போட்ட என்தால்பி கணக்கு மட்டும் போதாது. கலன் பெரிதாகும்போது உள்ளே பிறக்கும் வெப்பம் கனஅளவோடு கூடும், வெளியேறும் வழியோ பரப்பளவின் அளவுக்குத்தான் கூடும். வினைக் கலோரிமீட்டரில் அளந்து, குளிர்விப்பு நின்றுபோனால் வெப்பநிலை எதுவரை ஏறும் என்று சொல்லக்கூடிய செயல்முறைப் பாதுகாப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடும் வரை அந்தக் கலனில் எதையும் ஊற்றாதீர்கள்.